மோட்டார்சைக்கிள் இன்ஜின் ஆயில் பிரஷர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயில் பிரஷரை முள்ளால் காட்டும் கேஜ் மாட்டியவர்களுக்கு முள் ஏன் இறங்குகிறது என்று கவலை. மாட்டாதவர்களுக்கு ஆயில் பிரஷரின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு ஏன் மினுக்குகிறது என்று கவலை. இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. எல்லாம் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களைப் பற்றியவை. இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்து போய்விடும். அங்கே அளக்கப் பிரஷரே கிடையாது.

கேஜ் காட்டும் எண் எதன் அளவு?

ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய ஆயிலுக்குப் போகிற வழியில் எவ்வளவு தடை இருக்கிறதோ அதுதான் பிரஷராகத் தெரிகிறது. செடிக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் என்ன ஆகிறதோ அதேதான்.

இன்ஜினில் அந்த விரலின் வேலையைச் செய்பவை பேரிங்குகளின் இடைவெளிகள். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதன் ஷெல் பேரிங்குக்கும் (உருளையோ பந்தோ இல்லாத, வழவழப்பான அரைவட்ட உலோகத் தகடுகள்) நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்தச் சந்து வழியாகத்தான் ஆயில் கசிந்து வெளியேறி, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழ வேண்டும். கனெக்டிங் ராடின் கீழ் முனை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் உட்காரும் இடங்கள், பிஸ்டனின் அடிப்பக்கம் பீச்சும் ஜெட் எல்லாமே இப்படிப்பட்ட வெளியேறும் வழிகள்.

ஆகவே முள் எங்கே நிற்கும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பம்ப் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஆயில் அந்தச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, வெளியேறும் சந்துகள் எவ்வளவு அகலம். இதற்கு மேல் ரிலீஃப் வால்வ் என்று ஒன்று உண்டு. பிரஷர் ஓர் எல்லையைத் தாண்டினால் ஸ்பிரிங் அமுங்கி, மிச்ச ஆயிலைத் திரும்பச் சம்ப்புக்கோ பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்கோ அனுப்பிவிடும்.

இதனால்தான் ஆர்பிஎம்மும் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஆயில் சூடும் சொல்லாமல் "என் வண்டியில் 20 பிஎஸ்ஐ காட்டுகிறது, பரவாயில்லையா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற அளவு.

அந்தப் பிரஷர்தானே கிராங்க்கைத் தூக்கி நிறுத்துகிறது?

இல்லை. பலரும் இப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். ஷெல் பேரிங்குக்குள் கிராங்க் சுற்றும்போது தன்னோடு ஆயிலையும் இழுத்துக்கொண்டு போய், இடைவெளி குறுகும் பக்கத்தில் அதைத் திணிக்கிறது. அங்கே தானாக உருவாகும் அழுத்தம், கேஜ் காட்டுவதைப் போலப் பல மடங்கு. பிஸ்டனிலிருந்து வரும் அடியைத் தாங்குவது அந்தப் படலம்தான். பம்ப்பின் வேலை, பேரிங்குக்கு ஆயில் தீராமல் வந்துகொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வதும், சூடான ஆயிலைத் தள்ளி வெளியேற்றுவதும்.

அதனால் ஐடிலில் (முறுக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) 10 பிஎஸ்ஐ என்பது பயமுறுத்தும் எண் அல்ல. அந்த வேகத்தில் இன்ஜின் மேல் சுமையும் கிடையாது. அதே 10 பிஎஸ்ஐ 6000 ஆர்பிஎம்மில் வந்தால், ஷெல் பேரிங் இன்ஜினாக இருந்தால், வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

எவ்வளவு இருந்தால் சரி?

முதலில் உங்கள் இன்ஜினில் கிராங்க் எதில் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஷெல் பேரிங் உள்ளவை: 1969இல் வந்த ஹோண்டா சிபி750 முதல் இன்றைய பல சிலிண்டர் வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. ஆயில் நன்றாகச் சூடான பிறகு 5000, 6000 ஆர்பிஎம்மில் 60 முதல் 80 பிஎஸ்ஐ வரை காட்டுவது சாதாரணம். அதே சூட்டில் ஐடிலில் 10 முதல் 20க்குள் இருக்கும்.

உருளை அல்லது பால் பேரிங் உள்ளவை: இவற்றுக்கு ஆயில் மேலே வழிந்தாலே போதும், அழுத்திச் செலுத்தத் தேவையில்லை. ஆயிலைத் தடுத்து நிறுத்தும் குறுகிய சந்தும் கிடையாது. 1970களின் இறுதியில் வந்த சுசூகி ஜிஎஸ்1000 இதற்கு நல்ல உதாரணம். அதன் மேனுவல் 60 டிகிரி சூட்டில் 3000 ஆர்பிஎம்முக்குக் கேட்பது சுமார் 1.4 பிஎஸ்ஐக்கு மேல், 7க்குள். ஆம், ஒற்றை இலக்கம். ஹார்லியின் ட்வின் கேம் இன்ஜினில் சூடான ஐடிலில் 5 பிஎஸ்ஐ, 2000 ஆர்பிஎம்மில் 30 முதல் 38 என்பது கணக்கு. சிபி750காரர் ஜிஎஸ்காரரின் கேஜைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார். ஆனால் இரண்டு இன்ஜினும் நலமாகவே இருக்கும்.

உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் எண், ஆர்பிஎம், ஆயில் சூடு மூன்றும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ என்கிறார்களே?

கார் ரேஸ் இன்ஜின் கட்டுபவர்களிடமிருந்து வந்த வாய்க்கணக்கு அது. ஷெல் பேரிங் இன்ஜினுக்குத் தோராயமாகப் பொருந்தும். அதுவும் ரிலீஃப் வால்வ் திறக்கும் வரைதான். 10,000 ஆர்பிஎம்மில் 100 பிஎஸ்ஐ தேடினால் கிடைக்காது. உருளை பேரிங் இன்ஜினுக்கு இந்தக் கணக்கை மறந்துவிடலாம்.

பார், கிலோபாஸ்கல், பிஎஸ்ஐ எப்படி மாற்றுவது?

1 பார் = 100 கிலோபாஸ்கல் = 14.5 பிஎஸ்ஐ. பழைய ஜப்பானிய மேனுவல்களில் வரும் "சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ" என்பது 14.2 பிஎஸ்ஐ. கையில் இருக்கும் கேஜுக்கு இதற்கும் பாருக்கும் வித்தியாசம் தெரியாது, கவலைப்பட வேண்டாம்.

காலையில் 70 காட்டுகிறது, அரை மணி ஓட்டியதும் ஐடிலில் 15க்கு இறங்கிவிடுகிறது. பம்ப் போய்விட்டதா?

போகவில்லை, ஆயில் சூடாகியிருக்கிறது. வழக்கமான 10டபிள்யூ-40 ஆயிலின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் 90 முதல் 100 சென்டிஸ்டோக்ஸ். 100 டிகிரியில் சுமார் 14தான். ஆறேழு மடங்கு இளகிவிடுகிறது. அதே பம்ப், அதே சந்து. ஆனால் ஆயில் எந்தச் சிரமமும் இல்லாமல் நழுவிப் போகிறது.

குளிர்ந்த இன்ஜினில் முள் உச்சத்தில் நிற்பதைப் பார்த்து மகிழ்ச்சி அடைபவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம்: அப்போது ரிலீஃப் வால்வ் திறந்து, பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு பகுதி பேரிங் பக்கமே போகாமல் திரும்பிக்கொண்டிருக்கிறது. கிளப்பியவுடன் முறுக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிவப்பு விளக்கு எப்போது எரியும்?

பேரிங்குகளுக்கு ஆயில் போகும் முக்கியப் பாதையான ஆயில் கேலரியில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். பிரஷர் இல்லாதபோது அது மூடியே இருக்கும், விளக்கு எரியும். பிரஷர் 3 முதல் 7 பிஎஸ்ஐக்குள் எங்கோ ஓர் இடத்தைத் தாண்டியதும் திறந்து விளக்கை அணைக்கும். ஆக, விளக்கு அணைந்திருப்பதற்குப் "பிரஷர் சரியாக இருக்கிறது" என்று அர்த்தம் இல்லை. "ஏதோ கொஞ்சம் இருக்கிறது" என்று மட்டுமே அர்த்தம். 7000 ஆர்பிஎம்மில் 12 பிஎஸ்ஐ இருந்தாலும் விளக்கு வாயைத் திறக்காது.

இன்னொன்று. யமஹாவின் பல மாடல்களில் இருப்பது பிரஷர் சுவிட்ச்சே அல்ல, சம்ப்பில் ஆயில் மட்டத்தைப் பார்க்கும் சுவிட்ச். விளக்கின் படம் ஒரே மாதிரி இருக்கும், சொல்லும் சேதி வேறு. மேட்டில் ஏறும்போதோ வேகமாகக் கிளம்பும்போதோ அது ஒரு கணம் எரிந்து அணைவது உண்டு. உங்கள் வண்டியில் எது என்று ஓனர் மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

ஓட்டும்போது விளக்கு எரிந்தால்?

கிளட்சைப் பிடித்து, கில் சுவிட்ச்சைத் தட்டி, ஓரமாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்துங்கள். "அடுத்த பங்க் வரை போய்ப் பார்க்கலாம்" என்பது இங்கே செல்லாது. ஷெல் பேரிங் ஆயில் இல்லாமல் தாங்குவது மிகக் கொஞ்ச நேரம்தான். சில நிமிடம் பொறுத்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றி, கிளப்பி, விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டி வேறொரு வண்டியில் ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

கொளுத்தும் வெயிலில், சிக்னலில் நிற்கும்போது மட்டும் லேசாக மினுக்குகிறது. கொஞ்சம் முறுக்கினால் அணைந்துவிடுகிறது.

முதலில் ஐடில் வேகத்தைப் பாருங்கள். 1100இல் ஓட வேண்டியது 850இல் ஓடினால் இப்படி வரும். அடுத்து ஆயில் எத்தனை நாளாக மாற்றாமல் இருக்கிறது என்று பாருங்கள். மோட்டார்சைக்கிளில் பெரும்பாலும் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். கியர் பற்கள் அதை நசுக்கி நசுக்கி, ஆயிலைக் கெட்டியாக வைத்திருக்கும் பாலிமர்களை அறுத்துவிடுகின்றன. டப்பாவில் 40 என்று எழுதியிருந்தது, சில ஆயிரம் கிலோமீட்டரில் 30 போல நடந்துகொள்ளும். பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலந்தாலும் இதே கதை; டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் தெரிந்துவிடும்.

இரண்டையும் சரி செய்த பிறகும் மினுக்கினால் கேஜ் மாட்டி அளந்தே ஆக வேண்டும்.

சுவிட்ச் பொய் சொல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாவியைப் போடுங்கள், கிளப்ப வேண்டாம். விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா, சுவிட்ச்சில் மாட்டியிருக்கும் ஒற்றை வயரைக் கழற்றி இன்ஜின் உலோகத்தில் தொடுங்கள். இப்போது எரிந்தால் சுவிட்ச் கெட்டுவிட்டது. அப்போதும் எரியாவிட்டால் பல்போ வயரோ போயிருக்கிறது. எரியாத விளக்கு, எரிகிற விளக்கை விட ஆபத்து.

வயர் அறுந்து எங்காவது இன்ஜினில் உரசினால் பிரஷர் நன்றாக இருக்கும்போதே விளக்கு எரியும். சுவிட்ச்சின் ரப்பர் தொப்பியைத் தூக்கிப் பார்த்து உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சுவிட்ச்சின் ஆயுள் முடிந்தது. விலை குறைந்த பாகம்தான். ஆனால் புது சுவிட்ச் போட்டும் விளக்கு எரிந்தால், "இதுவும் டூப்ளிகேட்" என்று முடிவு கட்டாமல் கேஜில் அளந்து பாருங்கள்.

கேஜை எங்கே மாட்டுவது?

அந்தச் சுவிட்ச் இருக்கும் துளையில்தான், அல்லது கேலரியின் ஓரத்தில் இருக்கும் பிளக்கில். இங்கே மரையில் கவனம் வேண்டும். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது 1/8 அளவுள்ள பிரிட்டிஷ் வகைக் குழாய் மரை: அங்குலத்துக்கு 28 இழை, 55 டிகிரி. சந்தையில் கிடைக்கும் கேஜ் அடாப்டர்கள் பல அமெரிக்க வகை: 27 இழை, 60 டிகிரி. இரண்டு சுற்று உள்ளே போகும், பொருந்துகிறது போலவே இருக்கும். இறுக்க இறுக்க அலுமினிய உடல் விரிந்து, ஒருநாள் மயிரிழையாகக் கீறிவிடும். கிராங்க் கேஸை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் சரியான அடாப்டர் தேடும் அலைச்சல் ஒன்றுமே இல்லை.

டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றாதீர்கள். நுனியில் கிழிந்த துணுக்கு கேலரிக்குள் போய் ஏதாவது ஜெட்டை அடைக்கும். சுவிட்ச்சை மறுபடி மாட்டும்போது டேப் அதிகமானால் எர்த் கிடைக்காமல் விளக்கும் வேலை செய்யாது. திரவ சீலன்ட்டை நுனியில் இரண்டு இழை விட்டுவிட்டுப் பூசுவது நல்லது.

நிரந்தரமாக மாட்டுவதானால் சுவிட்ச்சும் கேஜும் சேர்ந்து இருக்கும்படி டி-பீஸ் போடுவார்கள். அந்தக் கனம் முழுவதையும் சின்ன மரையில் தொங்கவிட்டால் அதிர்விலேயே முறிந்துவிடும். பின்னிய ஹோஸ் ஒன்றை இடையில் கொடுத்து, டி-பீஸைச் சட்டத்தில் பிடித்து வையுங்கள். ஹோஸ் அறுந்தால் ஆயில் போய் விழும் இடம் பின் டயர் என்பதையும் யோசித்து அதன் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

என்னைக் கேட்டால், அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு நிரந்தர கேஜ் தேவையில்லை. ஒருமுறை அளந்து எழுதி வைத்துவிட்டுக் கழற்றிவிடலாம். பழைய இன்ஜின், மாற்றங்கள் செய்த இன்ஜின், ட்ராக்கில் ஓடும் வண்டி இவற்றுக்குப் பயன் உண்டு.

அளக்கும் முறை என்ன?

ஆயில் மட்டம் சரியாக இருக்கட்டும். வண்டியை ஓட்டிச் சூடாக்குங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதாது. ரேடியேட்டர் இருக்கும் வண்டிகளில் தண்ணீரின் சூடு சீக்கிரம் ஏறிவிடும், ஆயில் பின்னால் மெதுவாகத்தான் வரும். மேனுவல் 80 டிகிரி என்றால் அது ஆயிலின் சூடு. ஆயில் ஊற்றும் மூடியின் வழியாக ஒரு சமையல் வெப்பமானியின் கம்பியை விட்டுப் பார்க்கலாம், இன்ஜினை நிறுத்திவிட்டு.

பிறகு கேஜை மாட்டி, கிளப்பி, மேனுவல் சொல்லும் ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்துப் படியுங்கள். ஐடிலிலும் படியுங்கள். முள் தடதடவென்று ஆடினால் அது பம்ப்பின் துடிப்பு. ஆட்டத்தின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு, சூடு, ஆர்பிஎம், பிரஷர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே சூட்டில் அதே ஆர்பிஎம்மில் 10 பிஎஸ்ஐ குறைந்திருந்தால், அந்தக் குறைவு எந்த மேனுவலும் சொல்லாத ஒரு சேதி.

திரவம் நிரப்பிய கேஜ், சூடானதும் குறைத்துக் காட்டுமா?

காட்டும். முள் ஆடாமல் இருக்கக் கிளிசரின் நிரப்பி மூடிய கேஜ்கள் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்தால் உள்ளே இருப்பது சூட்டில் விரியும். கூட்டுக்குள் அழுத்தம் ஏறி, முள்ளை நகர்த்தும் வளைந்த குழாயை வெளியிலிருந்து அமுக்கும். சில பிஎஸ்ஐ குறைவாகத் தெரியும். 5, 10 என்று பார்க்கும் இன்ஜினில் அது பெரிய தவறு. சோதிக்க எளிய வழி: ஓட்டி முடித்து இன்ஜினை அணைத்ததும் முள் பூஜ்யத்துக்கும் கீழே போய் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். மேலே ரப்பர் அடைப்பு இருந்தால் அதை ஒரு கணம் நெகிழ்த்தினால் சரியாகிவிடும்.

பிரஷர் குறைந்திருக்கிறது. எதைப் பார்ப்பது?

திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்பதுதான் முதல் கேள்வி.

திடீரென்று என்றால்: ஆயில் குறைவு, சம்ப்பின் ஸ்ட்ரெய்னரில் (பம்ப் ஆயில் உறிஞ்சும் இடத்துச் சல்லடை) அடைப்பு, ரிலீஃப் வால்வ் குப்பை சிக்கித் திறந்தே நிற்பது, பம்ப்பை ஓட்டும் செயினோ கியரோ போனது, எங்கோ ஒரு ஓ-ரிங் கிழிந்தது. இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவுடன் குறைந்திருந்தால் ஓ-ரிங் மேல்தான் என் சந்தேகம் முதலில் போகும். கிராங்க் கேஸின் நடுவே ஆயில் கடக்கும் இடத்தில் இருக்கும் அந்தச் சின்ன வளையம் சுத்தம் செய்யும் துணியோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். சைலன்ஸர் கேஸ்கெட்டுக்குப் பூசும் தாராளத்தில் கிராங்க் கேஸுக்கும் சீலன்ட் பூசினால், பிதுங்கிய மிச்சம் ஸ்ட்ரெய்னரில் போய் உட்காரும்.

கொஞ்சம் கொஞ்சமாக என்றால் தேய்மானம். பேரிங் சந்து வழியாக வெளியேறும் ஆயிலின் அளவு, சந்தின் அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. சந்து இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. அதனால்தான் பேரிங் தேய ஆரம்பித்த பிறகு பிரஷர் சரசரவென்று இறங்குகிறது. சூடான ஐடிலில்தான் இது முதலில் தெரியும். கூடவே சுமை கொடுக்கும்போது அடியிலிருந்து கனமான தட்டல் சத்தம் கேட்டால், ஆயிலை வடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளியாகவோ மினுமினுக்கும் துகள் நிறைய இருந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஆயில் அதிகமாக ஊற்றினாலும் பிரஷர் குறையலாம். கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையைப் பம்ப்பால் ஒழுங்காகத் தள்ள முடியாது.

பிரஷர் அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

எப்போதும் அல்ல. சூடான பிறகும் எல்லையைத் தாண்டி நின்றால் ரிலீஃப் வால்வ் மூடியபடியே இறுகியிருக்கலாம், அல்லது கேஜுக்கு அப்பால் ஏதோ பாதை அடைத்திருக்கலாம். அடைத்த பாதையின் முன்னால் பிரஷர் பிரமாதமாக இருக்கும். பின்னால் இருக்கும் கேம் வறண்டு கொண்டிருக்கும்.

20டபிள்யூ-50 ஊற்றினால் பிரஷர் ஏறுமே?

ஏறும், எண் ஏறும். தேய்ந்த இன்ஜினில் சிறிது காலம் ஓட்டவும் உதவும். ஆனால் சந்து அகலமானது அப்படியேதான் இருக்கும். நல்ல இன்ஜினுக்கு மேனுவல் சொல்வதை விடக் கெட்டியான ஆயில் ஊற்றினால், குளிரில் கிளப்பும்போது மேலே கேம் வரை ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். ரிலீஃப் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போடுவது இதைவிட வீண் வேலை: உச்ச எல்லை மட்டும்தான் உயரும். சூடான ஐடிலில் அந்த வால்வ் மூடியே இருப்பதால் அங்கே ஒரு பிஎஸ்ஐகூட மாறாது.

ஆயில் மாற்றியதும் விளக்கு சில நொடி அணைய மாட்டேன் என்கிறது.

புது ஃபில்டர் காலியாக இருக்கிறது, அது நிரம்ப வேண்டும். முறுக்காமல் ஐடிலிலேயே விடுங்கள். பத்துப் பதினைந்து நொடியிலும் அணையாவிட்டால் நிறுத்திவிட்டு மட்டத்தையும் ஃபில்டரையும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியது உட்கார்ந்திருக்கலாம்.

என் சின்ன வண்டியில் விளக்கும் இல்லை, சுவிட்ச்சும் இல்லை. ஆயில் போகிறதா என்று எப்படித் தெரியும்?

பால் பேரிங் கிராங்க் உள்ள சிறிய ஒற்றை சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். சிலவற்றில் சிலிண்டர் ஹெட்டில் ஆயில் பார்ப்பதற்கென்றே ஒரு சிறு போல்ட் இருக்கும். அதை லேசாகத் தளர்த்தி ஐடிலில் விட்டால் ஓரமாக ஆயில் கசிய வேண்டும். ஒரு நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். முழுதாகக் கழற்றிவிட்டுக் கிளப்பாதீர்கள், சட்டை பாழாகிவிடும்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். கேஜ் இல்லாமல் எதைப் பார்க்கலாம்?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணையும் வண்டிகள் உண்டு. அந்தச் சோதனை முடிந்த பிறகும் ஆயில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். மட்ட சுவிட்ச் உள்ள வண்டிக்கு இது பொருந்தாது. பிரஷர் சுவிட்ச் உள்ள வண்டியில் விளக்கு எரியவில்லையென்றால், குனிந்து சுவிட்ச்சின் வயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கிளப்பியதும் ஓரிரு நொடியில் அணைய வேண்டும். நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு வந்து, பேரம் பேசிக்கொண்டே பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள், கண் விளக்கின் மேல் இருக்கட்டும். விற்பவர் அடிக்கடி வந்து ஆக்ஸிலேட்டரைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கையை எடுக்கச் சொல்லுங்கள்.